அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: சண்டைக்குக் கிளம்பும்போதே, 'முடிந்த பிறகு என்ன?' என்று கணக்குப் போடும் தளபதி உருப்படுவாரா? முதலில் ஜெயிக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இதற்குப் பதில் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் பாரிமுனையிலேயே கிடைக்கும்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே, சில நாள் குண்டுவீச்சிலேயே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்த ஊரை என்ன செய்வது? அங்கேதான் வந்தது வினை. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு இங்கிலீஷ்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் பேசி முடித்தார். கொடுக்கவே கூடாது என்றார் பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளே. அதே டூப்ளே ஆற்காட்டு நவாபிடம், 'ஊர் உங்களுக்குத்தான்' என்று வேறு சொல்லிவைத்திருந்தார். ஒரே வீட்டுக்கு மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்கிய கதை!

அக்டோபரில் புயல் அடித்து லா பூர்தொனேயின் கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. அவர் கிளம்பிப் போனதும், டூப்ளே ஒப்பந்தம் செல்லாது என்றார். ஏமாந்த நவாப், தன் மகனைப் படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் அந்தப் படை தோற்றது. சரி, ஊராவது பிரெஞ்சுக்காரர் கையில் நின்றதா? 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் பேசியவர்கள், கனடா பக்கத்து லூயிபூர்க் கோட்டைக்கு ஈடாகச் சென்னையைத் தூக்கிக் கொடுத்தார்கள். 1749-ல் பழையபடி இங்கிலீஷ்காரர் வந்து உட்கார்ந்தார். நடுவில் அடிபட்டது கோட்டைக்கு வடக்கே நம்மவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம். ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள், மிச்சத்தைப் பின்னாளில் இங்கிலீஷ்காரர் இடித்தார்கள். அந்த இடத்தில்தான் இன்று ஐகோர்ட் நிற்கிறது.

பழங்கதை என்பீர்கள். 2003-ல் அமெரிக்கா மூன்றே வாரத்தில் பாக்தாதைப் பிடித்தது. மே மாதம் ஈராக் ராணுவத்தைக் கலைத்து உத்தரவு போட்டது. சம்பளம் போன சிப்பாய்கள் துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டா வீட்டுக்குப் போவார்கள்? அமெரிக்கப் படை ஊர் திரும்ப 2011 டிசம்பர் ஆனது.

ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இந்தக் கணக்கைத் தளபதி தலையில் மட்டும் கட்டக்கூடாது. அவரை அனுப்புகிறவர்கள் போட வேண்டிய கணக்கு இது. 1971-ல் டாக்கா விழுவதற்கு 10 நாள் முன்பே, டிசம்பர் 6-ல், வங்கதேசத்தை இந்தியா அங்கீகரித்துவிட்டது. ஊரை யாரிடம் ஒப்படைப்பது என்ற குழப்பமே இல்லை. 1972 மார்ச்சில் நம் படை திரும்பிவிட்டது.