கடதாசியில் அச்சிட்டதும் கல்வெட்டா?

கேள்வி: எங்கள் அம்மம்மா காலமான 31ஆம் நாளுக்கு, அவர் நினைவாகக் கல்வெட்டு எனப்படும் சிறு புத்தகத்தை அச்சிட்டு உறவினருக்கு வழங்கினோம். தமிழகத்திலிருந்து வந்திருந்த ஒருவர், கல்லில் வெட்டியதே கல்வெட்டு என்றும், கடதாசிப் புத்தகத்தை அவ்வாறு அழைப்பது பிழை என்றும் கூறினார். நாம் பரம்பரையாகத் தவறாகவே சொல்லி வருகிறோமா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: இல்லை. தமிழகத்திலிருந்து வந்தவர் சொன்னது சொல்லின் முதற்பொருள். நீங்கள் வழங்குவது ஈழத்தில் அச்சொல் பெற்ற விரிந்த பொருள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், தானும் தன் அக்கனும் (தமக்கையும்) பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் “கல்லிலே வெட்டுக” என்று ஆணையிட்ட செய்தி அக்கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அந்தத் தொடரே பெயராகச் சுருங்கிக் கல்வெட்டு ஆயிற்று எனலாம். நம் கிழக்கிலங்கையிலும் இவ்வகைக் கல்வெட்டு உண்டு. திருக்கோவில் என்னும் ஊரில் விஜயபாகு தேவர் என்ற அரசரின் பெயரைச் சொல்லும் தமிழ்ச் சாசனம் கிடைத்துள்ளது.

ஆனால் கிழக்கிலங்கையில் இச்சொல் கல்லை விட்டு ஓலைக்கு எப்போதோ இறங்கிவிட்டது. திருகோணமலைக் கோயிலின் வரலாற்றையும், குளக்கோட்டன் என்னும் மன்னன் வகுத்ததாகச் சொல்லப்படும் தொழும்பு (கோயிற்பணி) முறைகளையும் கூறும் கோணேசர் கல்வெட்டு, கவிராசவரோதயர் பாடிய நூலாகும். மட்டக்களப்பிலும் கோயில் முறைகள், குடிகளின் உரிமைகள், வரிசைகள் ஆகியவற்றைச் சொல்லும் ஏட்டுப் பாடல்கள் கல்வெட்டு என்றே பெயர் பெற்றுள்ளன. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த, மட்டக்களப்பின் பழைய வரலாறு கூறும் மட்டக்களப்பு மான்மியத்தைப் புரட்டுவோர் இவ்வழக்கை நேரிற் காணலாம். எதில் எழுதினார்கள் என்பதைவிட, மாற்றக்கூடாததாக எழுதி வைத்தார்கள் என்பதையே நம் முன்னோர் இப்பெயரால் உணர்த்தினர் என்பது என் கருத்து.

உங்கள் அம்மம்மாவின் கல்வெட்டை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திதி வெண்பா ஒன்று இருக்கும். ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற விவரங்கள் அந்த நான்கு அடிகளுக்குள் அடங்கியிருக்கும். பேரப்பிள்ளைகள் ஆண்டுதோறும் திவச நாளைத் தவறாமல் கணிப்பதற்காகவே அது பாடப்பட்டது. கற்சாசனத்தில் அரசனின் ஆட்சியாண்டு செய்யும் அதே வேலையை இங்கே வெண்பா செய்கிறது. அதனைத் தொடர்ந்து வரும் வம்ச வரலாறோ, வேறெங்கும் எழுதப்படாத ஊர்ப் பெயர்களையும் உறவுமுறைகளையும் காத்து வைத்திருக்கிறது. அதனாற்றான் அவற்றைப் பழைய கடதாசியோடு எறிந்துவிட வேண்டாமென்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் சிலர், பெயரை மட்டும் பார்த்துக் கோணேசர் கல்வெட்டைக் கற்பொறிப்பு என எண்ணிச் சான்று காட்டுகின்றனர். கல்லில் உள்ளது வெட்டிய நாளில் நின்றுவிடுகிறது. ஏட்டில் உள்ளது படியெடுக்கும்தோறும் கூடவும் குறையவும் இடமுண்டு. ஆகவே ஆய்வில் முன்னதைச் சாசனம் அல்லது கற்சாசனம் என்றும், பின்னதைக் கல்வெட்டுப் பாடல் என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

கேள்வி: கல்வெட்டுகள், கல்வெட்டுக்கள் – எது சரி?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் வழக்கில் உள்ளன. கள் விகுதிக்கு முன் வல்லினம் மிகவேண்டிய கட்டாயமில்லை என்பதால் நான் கல்வெட்டுகள் என்றே எழுதுகிறேன். ஆனால் கல்வெட்டுப் பாடல் என்னும்போது ப் கட்டாயம் வரவேண்டும். கல்வெட்டு என்பது வன்றொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடியும் சொல். அத்தகைய சொல்லின் பின் வல்லினம் மிகும்.