காசு கேட்டுப் பாடலாமா?

கேள்வி: வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வரவு குறைந்து, மகளிர் குழுக் கடன் தவணைக்கே திணறுகிறேன். வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒருவர், செல்வம் பெருகக் குபேர மந்திரம் உபதேசிக்கிறேன், ஐந்தாயிரம் ரூபாய் கொடு என்கிறார். உச்சரிப்பு பிசகினால் இருப்பதும் போய்விடுமாம். எனக்குச் சமஸ்கிருதம் வாயில் நுழையாது. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அந்த ஐந்தாயிரத்தைத் தவணைக்குக் கட்டுங்கள் அம்மா. பயமுறுத்திக் காசு பிடுங்குகிறவரிடம் எந்த மந்திரமும் வாங்க வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கென்றே தமிழில் ஒரு பதிகம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தருகிறேன். புதிதாக வரும் பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

வாசி தீரவே காசு நல்குவீர்
மாசின் மிழலையீர் ஏசல் இல்லையே

சம்பந்தர் பாடியது. முதல் திருமுறையில் 92-ஆம் பதிகம், குறிஞ்சிப் பண். மொத்தம் 11 பாட்டு, ஒவ்வொன்றும் இதே அளவுதான்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த நேரம். அப்பரும் சம்பந்தரும் அங்கே தனித்தனி மடம் வைத்து அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். சிவபெருமான் ஆளுக்கொரு காசு தினமும் பீடத்தில் வைத்தார். அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி நடக்கிறது, சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. ஏன் என்று சம்பந்தர் சமையல்காரர்களைக் கேட்டார். அப்பருக்குக் கிடைப்பது நல்ல காசு, கடைக்காரர் உடனே வாங்கிக்கொள்கிறார். நமக்குக் கிடைப்பதற்கு வாசி, அதாவது மாற்றித்தரக் கழிவு கேட்கிறார் என்றார்கள். அப்பர் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியைப் பிடித்துக் கையால் தொண்டு செய்தவர், அதனால் அவருக்கு வாசியில்லாக் காசு என்கிறது பெரியபுராணம். அப்போது சம்பந்தர் பாடியதுதான் இந்தப் பதிகம். மறுநாளிலிருந்து அவருக்கும் நல்ல காசு வந்தது.

அவர் முதலில் விசாரித்தார், அப்புறம்தான் பாடினார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் வரவில் வாசி எங்கே விழுகிறது? தைத்து முடித்தும் வாங்கிப்போகாத துணி எத்தனை, 'அடுத்த மாசம் தர்றேன்' என்று நிற்கும் பாக்கி எவ்வளவு? ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பாக்கியைக் கேட்க வாய் வராதவர்களுக்குத்தான் இந்தப் பாட்டு என்று எனக்குத் தோன்றும். சாமியிடமே எவ்வளவு நேராகக் கேட்கிறது பாருங்கள்!

காலையில் கடை திறக்குமுன் விளக்கேற்றிப் பாடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. இத்தனை முறை, இத்தனை நாள் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். ஐந்தாம் பாட்டில் 'சேமம் நல்குமே' என்றும், ஆறாம் பாட்டில் 'பணிகொண்டு அருளுமே' என்றும் வரும். என்னிடம் வேலை வாங்கிக்கொண்டு அருள் செய் என்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாடுங்கள். நாக்கு புரளும் என்ற பயம் வேண்டாம், நம் பாஷைதானே.

கேள்வி: கடவுளிடம் ஞானம்தான் கேட்க வேண்டும், பணம் கேட்பது தப்பு என்கிறார் என் மாமனார். சரியா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெரியவர் மனம் நோகாமல் சொல்கிறேன், நம் நாயன்மார்கள் அப்படி நினைக்கவில்லை. தந்தையின் வேள்விக்குப் பொன் வேண்டும் என்று சம்பந்தர் திருவாவடுதுறையில் பாடினார். ஆயிரம் பொன் கிடைத்தது. சுந்தரர் இன்னும் ஒருபடி மேலே போனார். குண்டையூரில் நெல் கிடைத்துவிட்டது, தூக்கிப்போக ஆள் இல்லை. உடனே திருக்கோளிலியில் நின்று, 'ஆளிலை எம்பெருமான் அவை அட்டித்தரப் பணியே' என்று கேட்டார். பசித்திருப்பவளுக்கு, தன் மனைவி பரவை நாச்சியாருக்கு, நெல் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அவர் கவலை. ஊர், பொருள், தேவை எல்லாவற்றையும் சொல்லியே கேட்டார்.

'நீள நினைந்தடியேன்' என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை மாமனாரோடு உட்கார்ந்து ஒருமுறை பாடிப் பாருங்கள்.