ஸ்கூபா டைவிங் போய்வந்து 5 நாளாகியும் ஒரு காது அடைத்தபடியே இருக்கிறது. வலி இல்லை. எண்ணெய் விடலாமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா? மறுபடி டைவ் போகலாமா?

பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். நீங்கள் அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருவரா என்பதை மட்டும் வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். காது எவ்வளவு கேட்கிறது, தலை சுற்றுகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். வலியே இல்லாமல் மோசமாகிற காதும் உண்டு.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் ஆடியாலஜிஸ்ட். கேட்கும் திறனைச் சோதித்து ரிப்போர்ட் எழுதித் தருகிற வேலை. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. பாலாற்றில் முழங்கால் நனையவே நல்ல மழை வந்தாக வேண்டும். ஆனாலும் அந்தமானுக்கு ஹனிமூன், புதுச்சேரிக்கு ஆபீஸ் டூர் என்று போய்விட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது இங்கேயும் இருக்கிறார்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது, அதுதான் நடுக்காது. வெளிக்காற்று அங்கே போய்வர ஒரே வழி, மூக்கின் பின்பக்கத்தில் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருந்ததைப் போல இரண்டு மடங்காகிறது; உள்ளே அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அதற்கும் கீழே இன்னொரு 10 மீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்காகும், அவ்வளவுதான். ஆக, காதுக்குக் கண்டம் ஆழத்தில் இல்லை, முதல் சில மீட்டரில். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன் செய்யாமல் சுமார் 1.2 மீட்டர் இறங்கினாலே குழாயின் வாய் அழுந்தி ஒட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு முக்கி ஊதிப் பயனில்லை, கொஞ்சம் மேலே ஏறினால்தான் திறக்கும். "8 மீட்டர்தான் சார் போனேன், அதுக்கே இப்படியா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். ஆற்காட்டுப் பக்கம் விவசாயக் கிணற்றில் காசைப் போட்டு முங்கி எடுத்து விளையாடினவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சமன் செய்யாமல் இறங்கும்போது செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டு, அந்த அறையின் சவ்வு வீங்கி, நீரோ ரத்தமோ கசியும். அடைப்பு, கொய்ங் என்ற சத்தம், சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போலிருப்பது எல்லாம் இதனால்தான். உள்ளே கோத்த நீர் வடிய ஓரிரு வாரம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும்.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காட்பாடியிலிருந்து ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். சளியோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவில் டைவ் இறங்கியிருக்கிறான். "இன்னா சார் பண்றது, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெ காய்ச்சி வுட்டேன், அப்பவும் கேக்கலன்னு சொல்லினு கீறான்" என்றார். டாக்டர் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுப் பார்த்தார்: செவிப்பறை செக்கச்செவேல் என்று இருந்தது, பின்னால் நீர்மட்டம் ஒரு கோடாகத் தெரிந்தது. டிம்பனோமெட்ரிக்கு அனுப்பினார். காதில் ரப்பர் முனையை வைத்து அழுத்தத்தை மாற்றினால் திரையில் கூம்பாக எழ வேண்டிய கோடு, அவனுக்குப் படுத்தே கிடந்தது. நல்லவேளை, ஓட்டை இல்லை. இருந்திருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போயிருக்கும். நீர் கோத்திருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எதை ஊற்றினாலும் அங்கே போய் எதையும் கரைக்காது. எண்ணெய், சொட்டு மருந்து, பட்ஸ் எதுவும் வேண்டாம். அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால், கோளாறு நடுக்காதோடு நிற்கிறது என்று கொள்ள இடமுண்டு. நல்ல காதுப் பக்கமாகச் சத்தம் போனால் உள்காது நரம்பு அடிபட்டிருக்கலாம். டாக்டர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் முனகல் சோதனையை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேட்பது சட்டென்று குறைந்திருந்தால், அறையே சுழல்வது போலத் தலை சுற்றினால், நடை தள்ளாடினால், இரைச்சல் நாளுக்கு நாள் ஏறினால், நாளை என்று தள்ளாமல் இன்றைக்கே போங்கள். நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தடுப்பான வட்டச் சாளரச் சவ்வு கிழிந்திருக்கலாம். நிறைய முறை ஆழமாக டைவ் செய்தவர் என்றால் உள்காதில் நைட்ரஜன் குமிழிகூடக் காரணமாக இருக்கலாம். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நரம்புவழிக் கேட்புக் குறைவுக்கு ஸ்டீராய்டு முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம். டாக்டர் பார்க்கும்வரை மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள், கனமான எதையும் தூக்காதீர்கள். காதிலிருந்து ரத்தமோ சீழோ வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கு இவை எதுவும் இல்லாவிட்டாலும், 5 நாளாகியும் அடைப்பு கொஞ்சமும் குறையவில்லை என்பதால் இந்த வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். காதுக்குள் பார்ப்பது, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம், டிம்பனோமெட்ரி, மூன்றும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், எதிலும் வலி இருக்காது. மூக்கடைப்புக்கு ஆக்சிமெட்டாசோலின் சொட்டு கொடுத்தால் மூன்று நான்கு நாளோடு நிறுத்துங்கள். தொடர்ந்து போட்டால் அதுவே மூக்கை அடைக்கும். குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் ஏலகிரி போகிற திட்டமிருந்தால் தள்ளிப்போடுங்கள். மலை ஏறி இறங்கும்போதும் அதே குழாய்தான் திறந்து மூட வேண்டும். விமானத்துக்கும் இதே பேச்சுதான்.

மறுபடி டைவ் போகலாம். ஆனால் தேதியைக் காலண்டர் பார்த்துக் குறிக்காதீர்கள். செவிப்பறை பழைய நிலைக்கு வந்து, நிலத்தில் மூக்கைப் பிடித்து லேசாக ஊதினால் இரண்டு காதும் சுலபமாகத் திறக்க வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அது மூடிவிட்டது என்று டாக்டர் சொன்னபிறகும் அவரிடம் கேட்டே போங்கள். அடுத்த முறை கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக மெதுவாக இறங்குங்கள். வலி வரும்வரை காத்திராமல், தலை தண்ணீருக்குள் போனதிலிருந்தே அடிக்கடி சமன் செய்யுங்கள். சளி இருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிற வேலையும் வேண்டாம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால் மேலே வரும்போது காற்று வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். கட்டின பணம் போனால் போகட்டும், கரையிலேயே உட்கார்ந்திருங்கள்.