மேம்பாலம் ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுகுகிறது. 21 கிலோமீட்டர் ஓடப் போகலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன், வீடு பாளையங்கோட்டையில். ஓய்வுக்குப் பிறகுதான் நண்பர்களோடு ஓடப் பழகினேன். காலை ஐந்து மணிக்குக் கொக்கிரகுளத்தில் கூடுவோம். சுலோசன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம், டவுன் ரத வீதி என்று போய் அதே வழியில் திரும்புவோம். ஐந்து பேரில் நான்தான் மூத்தவன். ஒன்றரை மாதமாக மேம்பாலம் ஏறும்போது நெஞ்சின் நடுவில் ஓர் இறுக்கம் வருகிறது. சில நாள் தாடை வரை இழுக்கிறது. கொஞ்சம் நடந்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் இல்லை. திரும்பும்போது அதே மேம்பாலத்தில் இறுக்கம் வருவதே இல்லை. ‘இதயக் கோளாறு என்றால் வரும்போதும் வரணுமே அண்ணாச்சி, இது வாய்வுதான்’ என்கிறார்கள் நண்பர்கள். முகாமில் எடுத்த இசிஜி நார்மல். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டி வலிக்காக, அதிக தூரம் ஓடும் நாளில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வேன். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு மாதத்தில் 21 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. ஐந்து பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். போகலாமா? மற்றவர்களை விட நாளுக்கு நாள் பின்தங்குகிறேன். பயிற்சியை எப்படி மாற்றுவது?

பதில்: அண்ணாச்சி, முதலில் ஒன்று. இதைப் படித்த நிமிடத்திலிருந்து ஓட்டத்தை நிறுத்துங்கள். நாளைக்கே ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கடைசியாக ஒரு ஓட்டம் ஓடிவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஆஞ்சைனா என்னும் இதய வலியின் வர்ணனையோடு அப்படியே பொருந்துகிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் தொடங்கியது என்பதால் அவசரம் இன்னும் கூடுகிறது. பல வருடமாக மாறாமல் இருக்கும் நெஞ்சு வலியை விட, புதிதாக வந்த நெஞ்சு வலிக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம்.

1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இந்த வலியை முதன்முதலில் தெளிவாக விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேடு ஏறும்போது, சாப்பிட்டதும் நடந்தால் இன்னும் சுலபமாக நெஞ்சில் வந்து அழுத்தும், நின்றால் போய்விடும். இசிஜியும், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவும் இல்லாத காலத்தில், நோயாளிகள் சொன்னதைக் கேட்டே அவர் கண்டுகொண்டார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த வர்ணனைதான் ஞாபகத்துக்கு வந்தது.

உங்கள் நண்பர்களின் கேள்வி நல்ல கேள்வி. போகும்போது வரும் வலி, திரும்பும்போது அதே மேம்பாலத்தில் ஏன் வரவில்லை? இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதை, மண் மேடிட்ட வாய்க்கால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் குறை தெரியாது. எல்லா வயலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைமடை காய்வது தெரியும். ஜங்ஷன் வரை சமதரையில் வந்துவிட்டு, உடம்பு இன்னும் சூடேறாத நிலையில் மேம்பாலம் ஏறினால் இதயம் சட்டென்று அதிக இரத்தம் கேட்கிறது. குறுகின குழாயால் கொடுக்க முடியவில்லை, இறுக்கம் வருகிறது. நீங்கள் வேகத்தைக் குறைத்து நடக்கிறீர்கள். அந்த இடைவெளியில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, பக்கவழிச் சிறு குழாய்கள் திறக்கின்றன, இதயத் தசையும் குறைந்த இரத்தத்தில் வேலை செய்யக் கொஞ்சம் பழகிக்கொள்கிறது. அதனால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதே உழைப்பில் வலி வராமல் போகலாம். முதல் உழைப்பில் வந்து இரண்டாவது உழைப்பில் வராத இந்த வகை ஆஞ்சைனா மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆகவே, திரும்பும்போது வலிக்கவில்லை என்பது இதயத்தில் கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. எனக்கு அது சந்தேகத்தைக் கூட்டவே செய்கிறது.

ஏப்பத்தையும் நம்ப வேண்டாம். இதய வலி வரும்போது ஏப்பம் வருவது, வயிறு உப்பின மாதிரி இருப்பது, குமட்டுவது எல்லாம் உண்டு. நம்ம ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் வாய்வு என்போம். இஞ்சி தட்டிக் குடிப்போம், பூண்டைச் சுட்டுத் தின்போம், ஜெலுசிலைக் குடிப்போம். வலி தானாகப் போகிற நேரமும் இஞ்சி குடித்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் பெயர் இஞ்சிக்குப் போய்விடும். அமிலம் மேலே ஏறியும் ஓடும்போது நெஞ்சு எரியலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மேடு ஏறும்போது வந்து, நடந்தால் போய், தாடை வரை இழுக்கும் வலியை, இதயம் இல்லை என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாய்வு என்று சொல்ல வேண்டும். அந்த வரிசையை மாற்றக்கூடாது.

முகாமில் எடுத்த இசிஜி, படுத்திருக்கும் இதயத்தின் இசிஜி. அந்த நேரம் வலி இல்லை, இரத்தமும் போதுமான அளவு ஓடுகிறது. நார்மல் என்றுதான் வரும். உழைக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க ட்ரெட்மில் பரிசோதனை இருக்கிறது. டிஎம்டி என்பார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். கூடக்கூட இசிஜி ஓடிக்கொண்டே இருக்கும். மருத்துவரிடம் இரண்டைச் சொல்ல மறக்காதீர்கள். நீங்கள் ஓடுகிறவர் என்பது ஒன்று. பழகின உடம்பு என்பதால் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தாமல் உங்கள் உச்ச அளவு வரை கொண்டுபோவார்கள். முதல் ஏற்றத்தில்தான் வலி வருகிறது என்பது இன்னொன்று. எக்கோ எடுப்பார்கள். உங்கள் விவரத்தைக் கேட்டு, ட்ரெட்மில்லைத் தவிர்த்து நேராக ஆஞ்சியோ (இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது) என்று சொன்னாலும் சொல்லலாம். பயப்பட வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கும். பரிசோதனைக்கு முன்பே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ ராத்திரி தூக்கத்திலோ வலி வந்தால், முன்பைவிடக் குறைந்த உழைப்பில் வந்தால், நின்ற பிறகும் சில நிமிடங்களில் போகாவிட்டால், 108-ஐக் கூப்பிடுங்கள். நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம்.

‘இவ்வளவு ஓடுகிறேனே, எனக்கா?’ என்று தோன்றும். ஜிம் ஃபிக்ஸ் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். 1970-களில் சாதாரண மக்களை ரோட்டில் ஓட வைத்தவர்களில் முக்கியமானவர். முப்பதுகளின் நடுவில் ஓடத் தொடங்கி, எடையைக் குறைத்து, சிகரெட்டையும் விட்டவர். 1984-இல், 52 வயதில், ஓடிக்கொண்டிருந்தபோதே இறந்தார். இதயக் குழாய்கள் மோசமாக அடைத்திருந்தது பிறகு தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43-இல் மரணம். ஓட்டம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அப்பாவை விட ஒன்பது வருடம் அதிகம் வாழ ஓட்டமும் உதவியிருக்கலாம். ஆனால் குடும்ப வரலாற்றை ஓட்டம் அழித்துவிடாது. உங்கள் அப்பா 52-இல் போனார் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த வலி மாத்திரை. இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: ஓடுவதற்கு முன் போடவே கூடாது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் எதுவானாலும் இது பொருந்தும். உங்கள் பிரஷர் மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளும். டெல்மிசார்டான் சிறுநீரகத்துக்குள் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கும். இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். மூன்றும் சேர்ந்த இந்தக் கூட்டணி சாதாரண நாளிலேயே ஆபத்து. பங்குனி, சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு ஓடும்போது சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கவும் வாய்ப்பு உண்டு. வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். இரத்தத்தில் ஒருமுறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சோடியம், பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். முட்டிக்கு மாத்திரையை விடத் தொடைத் தசை வலுதான் மருந்து. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சரி, பந்தயத்துக்கு வருவோம். இந்த முறை போக வேண்டாம். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். ஐந்து பேரும் ஒரே நிற பனியனில் நின்று படம் எடுத்து, ஓடி முடித்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வருவதில் உள்ள சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது. அது போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன். தூரப் பந்தயங்கள் பொதுவாக ஆபத்தானவையும் இல்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை மாரத்தான், முழு மாரத்தான் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்குத்தான் இதயம் நின்றது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்த 59 பேரில் பெரும்பாலோர் ஆண்கள், பெரும்பாலோர் விழுந்தது பந்தயத்தின் கடைசிக் கால் பகுதியில். முடிவுக்கோடு தெரிந்ததும் நண்பனை முந்தப் பாய்கிற அந்த இடம். அறிகுறி இருக்கிற ஒருவர் அங்கே போய் நிற்கக்கூடாது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. விழுந்தவுடன் பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கு நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்தார்களோ, அவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். உங்கள் குழுவில் உள்ள எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் 108-க்குப் பேச வேண்டும். காலை ஐந்து மணிக்கு எஸ்.என். ஹைரோட்டில் உங்களைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்? ஒருவருக்கொருவர் நீங்கள்தான் துணை.

அப்புறம் பின்தங்குவது பற்றி. இதில் கொஞ்சம் இதயத்தின் பங்கும் இருக்கலாம், பரிசோதனை சொல்லும். மீதி வயது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு வருடா வருடம் குறையும், தசையும் கரையும். கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் முழு மாரத்தானை 2 மணி 54 நிமிடத்தில் ஓடினார். அந்த வயதில் உலகத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத வேகம். அவரே 85 வயதில் ஓடியபோது 3 மணி 56 நிமிடம் ஆனது. அவருக்கே ஒரு மணி நேரம் கூடியது என்றால், வயதில் இளைய நண்பரோடு நீங்கள் தோளுக்குத் தோள் ஓட முடியாததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூத்தோர் தடகளத்தில் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துப் போட்டி வைப்பது இதற்காகத்தான். உங்கள் போட்டி 60-க்கு மேற்பட்டவர்களோடு.

இதய மருத்துவர் ஓடலாம் என்று அனுமதி கொடுத்த பிறகு என்ன செய்வது? அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் ஆனவர்களும் படிப்படியாக ஓட்டத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள், அதனால் நம்பிக்கையோடு இருங்கள். ஹெபர்டனே, தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமான ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நடை மட்டும். கூடினதும் ஓடத் தொடங்கும் பழக்கத்தை ஐந்து பேருமே விட வேண்டும். மேம்பாலத்தை நடந்தே ஏறுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில்தான் பெரும்பாலான நாள் ஓட வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை விட இந்த அளவு நம்பகமானது. அறுபதுக்கு மேல் களைப்பு தீர அதிக நேரம் ஆகும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் போதும்.

ஓடாத நாளில் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. இரண்டும் பத்து பத்து தடவையாக மூன்று சுற்று. இரண்டு மாதத்தில் முட்டியில் வித்தியாசம் தெரியும். தசைக்குப் புரதம் வேண்டும். 65 கிலோ எடை என்றால் நாளைக்கு 65 முதல் 75 கிராம் வரை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்த அளவு சரி. ஓடி முடித்து டீயும் ஒரு வடையும் என்று நிறுத்திவிட்டால் இது கிடைக்காது. முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான் இருக்கிறது. முட்டையோடு மீன், சுண்டல், தயிர், உளுந்தங்கஞ்சி என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். உளுந்தங்கஞ்சியில் கருப்பட்டியைக் கொஞ்சமாகப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்களுக்கு இரண்டு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். வயதானால் தாகம் தாமதமாகத் தெரியும். அதனால் குடிக்காமல் இருக்கவும் கூடாது. தயசைடு ஏற்கெனவே உப்பை வெளியேற்றுகிறது. அதனால் வெறும் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். தொலைதூர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓடும் நாளில் காலை மாத்திரையை எப்போது சாப்பிடுவது, தயசைடுக்குப் பதில் வேறு மருந்து மாற்றலாமா என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் நால்வரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், அவருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் அசாதாரணக் களைப்பும் மட்டும் அறிகுறியாக வரலாம் என்பதையும் சொல்லுங்கள். பந்தயத்தன்று நீங்கள் கூடவே போய், கடைசி இரண்டு கிலோமீட்டரில் தண்ணீரோடு நில்லுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அதன் விவரத்தோடும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடும் மறுபடி எழுதுங்கள். அடுத்த வருட ஓட்டத்துக்கான பயிற்சி அட்டவணையை அதை வைத்துத்தான் போட முடியும்.