சொட்டானுக்கு அடியில் ஒரு மண், நாலு விரல் தள்ளி வேறு மண்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் அரை ஏக்கர் பூண்டு போட்டிருக்கிறேன். சொட்டுநீரில் யூரியா விடுகிறேன். பழனியிலிருந்து வைக்கோல் ஏற்றிவந்து மூடாக்கும் போட்டாயிற்று. இருந்தும் தாள் வெளுக்கிறது. மண் பரிசோதனையில் தழைச்சத்து குறைவு என்று வந்திருக்கிறது. யூரியாவைக் கூட்டலாமா?
- மன்னவனூர் வாசகர்

பதில்: கூட்டாதீர்கள். முதலில், மாதிரி மண்ணை எங்கே எடுத்தீர்கள்? வாய்க்கால் பாசனத் தோட்டம்போல் நினைத்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டிருந்தால், அந்தச் சீட்டை நம்பி உரக்கடைக்குப் போக வேண்டாம்.

சொட்டுநீரில் உரம் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல் போகாது. யூரியாவிலிருந்து மண்ணில் உண்டாகும் நைட்ரேட் தண்ணீரோடு ஓடி, சொட்டு நனைக்கும் ஈரவட்டத்தின் ஓரத்தில் போய் நிற்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) விழுந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று விரற்கடை நகர்ந்தால் அதிகம். மலை மண்ணின் அமிலத்தன்மையில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) இரண்டுக்கும் நடுவில். அதனால் சொட்டானுக்கு (குழாயில் தண்ணீர் சொட்டும் வாய்) நேர் கீழே, நாலு விரல் தள்ளி, இரண்டு சொட்டானுக்கு நடுவே என்று மூன்று இடத்தில் அரை அடி ஆழம்வரை எடுத்து, தனித்தனிப் பையில் கொடுங்கள். பூண்டு வேர் மேய்வது பெரும்பாலும் அந்த அரை அடிக்குள்தான். அமில அளவையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். யூரியா ஒரே புள்ளியில் விழுந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில் அமிலம் ஏறும்.

அப்புறம் வைக்கோல். அது மேலேயே கிடக்கிறதா, களை கொத்தும்போது உள்ளே போய்விட்டதா? எனக்குச் சந்தேகம் இங்கேதான். வைக்கோலில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம்தான். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மீதிக்கு மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். மேலாகக் கிடந்தால் மண்ணைத் தொடும் இடத்தோடு சரி; கொத்திக் கலந்துவிட்டால் சில வாரம் பயிர் பட்டினிதான். ஒரு பிடி வைக்கோலை விலக்கிப் பாருங்கள். அடியில் பொலபொலவென்று ஈரமண்ணும், அதுவரை மேலேறி வந்த வெள்ளை வேரும் தெரிந்தால் மூடாக்கு அதன் வேலையைச் செய்கிறது. பழியை அதன்மேல் போடாதீர்கள்.

எந்தத் தாள் வெளுக்கிறது என்று எழுதவில்லையே? அடித்தாள் என்றால் தழைச்சத்து. அதே அளவு யூரியாவைச் சிறு சிறு தவணையாகப் பிரித்து விடுங்கள். குருத்து என்றால் கந்தகத்தைச் சந்தேகப்படலாம். வெறும் யூரியாவும் மியூரியேட் பொட்டாசும் (பொட்டாசியம் குளோரைடு) விட்டால் கந்தகம் எங்கிருந்து வரும்? பொட்டாசியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். விலை கூடத்தான், ஆனால் அதில் 17 சதவீதம் கந்தகம் இருக்கிறது. பூண்டின் காரமும் மணமும் கந்தகத்தால் வருவதுதான்.

கேள்வி: கால்சியம் நைட்ரேட்டையும் பொட்டாசியம் சல்பேட்டையும் ஒரே தொட்டியில் கரைக்கலாமா?
- கூக்கால் வாசகர்

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஜிப்சம் படிந்து சொட்டான் அடைக்கும். வேறு வேறு நாளில் விடுங்கள். விட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓடட்டும்.

கேள்வி: உரத்தையும் தண்ணீரையும் எப்போது நிறுத்துவது?
- கோத்தகிரி வாசகர்

பதில்: பூண்டு திரளத் தொடங்கியதும் தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள். பிந்திக் கொடுத்தால் வயலிலேயே பல் முளைவிடும். தண்ணீரை அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு. அந்த நேரத்தில் மழை பிடித்தால் மூடாக்கை வரிசைக்கு நடுவே ஒதுக்கிவிடுங்கள். ஈரவைக்கோல் மேலேயே கிடந்தால் தோல் கறுத்து, மண்டியில் விலையைக் குறைப்பார்கள்.