பெட்டி மட்டும் வருகிறது, கோடுகள் எங்கே?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்த இடத்தில் 140 டேபிள்கள் கொண்ட பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஆவணமும் இல்லை. அதன் அமைப்பைப் படமாகப் பார்க்க ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பெட்டிகள் வந்தன, அவற்றை இணைக்கும் கோடு ஒன்றுகூட இல்லை. வேறு நல்ல இலவச மென்பொருள் சொல்லுங்களேன்?

பதில்: மென்பொருளை மாற்றினாலும் பெரும்பாலும் இதே படம்தான் வரும். ஒரு டேபிளின் ஃபீல்டு (நெடுவரிசை) இன்னொரு டேபிளைச் சுட்டுகிறது என்று டேட்டாபேஸில் பதிவாகியிருப்பதுதான் ஃபாரின் கீ. அதை வைத்துத்தான் கோடு விழுகிறது. அது இல்லாவிட்டால் மென்பொருள் உறவை ஊகிக்க வேண்டும், அல்லது நாமே சொல்லித்தர வேண்டும். அதனால் முதலில் இதைப் பாருங்கள்: ஏதாவது ஒரு டேபிளுக்கு ‘ஷோ கிரியேட் டேபிள்’ கட்டளை கொடுத்து, கடைசி வரியில் இன்ஜின் (தரவைச் சேமித்துக் கையாளும் பகுதி) என்ன என்று படியுங்கள். மைஐசம் என்றிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. டேபிள் உருவாக்கும்போது ஃபாரின் கீ எழுதியிருந்தாலும் மைஐசம் அதைச் சேமிக்காது, பிழையும் காட்டாது. மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்துதான், ஃபாரின் கீயைச் சேமிக்கும் இன்னோடிபி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாக அமையும் இன்ஜின் ஆனது. அதற்கு முந்தைய டேபிள்கள் பலவும் மைஐசமாகவே தங்கிவிட்டன.

இன்னோடிபி என்றிருந்தும் கோடு இல்லையா? டேபிள் உருவாக்கும் கட்டளையில், கஸ்டமர்_ஐடி போன்ற ஃபீல்டின் வரியிலேயே ‘ரெஃபரன்சஸ்’ என்று சேர்த்து எழுதியிருக்கலாம். மைஎஸ்க்யூஎல் 8 வரை அந்த எழுத்து வீண்தான். தனி வரியில் ‘ஃபாரின் கீ’ என்று எழுதினால்தான் கணக்கு. பல இடங்களில் உறவு முழுவதும் நிரலுக்குள்ளேயே இருந்துவிடுவதும் உண்டு.

உங்கள் நிலைக்கு டிபீவர் கம்யூனிட்டி பதிப்பைத்தான் சொல்வேன். இலவசம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு வகை டேட்டாபேஸுக்கும் ஆகும். இதில் விர்ச்சுவல் ஃபாரின் கீ என்ற வசதி உண்டு. எந்த ஃபீல்டு எந்த டேபிளைச் சுட்டுகிறது என்று நீங்களே சொல்லலாம். அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும், சர்வரில் எதையும் தொடாது.

ஸ்கீமாஸ்பை என்பதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜாவாவும், ஜாவாவை உங்கள் டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரும் வேண்டும். பிரவுசரில் திறக்கும் பக்கங்களாக ஒவ்வொரு டேபிளுக்கும் தனிப் படம் தரும். ஃபாரின் கீ இல்லாத இடத்தில் பெயரை வைத்து உறவை ஊகிக்கவும் செய்யும். ஒரு டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) பெயரும் வகையும் இன்னொரு டேபிளின் ஃபீல்டோடு பொருந்தினால் உறவு இருக்கலாம் என்று காட்டும். எல்லா டேபிளிலும் பிரைமரி கீயின் பெயர் வெறும் ‘ஐடி’ என்றால் இந்த ஊகம் பெரும்பாலும் கைகொடுக்காது. ஊகித்த உறவைத் தரவோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சில் டேட்டாபேஸ் மெனுவில் ‘ரிவர்ஸ் இன்ஜினியர்’ கொடுத்தாலும் படம் வரும். அதே மெனுவில் இருக்கும் ‘ஃபார்வர்டு இன்ஜினியர்’ எதிர்த்திசையில் போவது, படத்திலிருந்து டேபிள்களை உருவாக்கும். பழையதை அழித்துவிட்டு உருவாக்கும் தேர்வும் அதில் உண்டு. கை தவறினால் ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் போய்விடும். எந்த மென்பொருளானாலும், படிக்க மட்டும் அனுமதி உள்ள பயனர் கணக்கில் நுழைவதுதான் பாதுகாப்பு.

140 டேபிளையும் ஒரே படத்தில் போடாதீர்கள், கோடுகள் பின்னிக்கொண்டு ஒன்றும் புரியாது. பில்லிங், பயனர், சரக்கு என்று பிரித்து, படத்துக்கு 10 முதல் 15 டேபிள் வரை வையுங்கள்.

கேள்வி: கோட்டின் முனையில் காக்கைக் கால் போல மூன்று பிரிவு வருகிறதே, என்ன பொருள்?

பதில்: அந்தப் பக்கம் பல பதிவுகள் இருக்கலாம் என்று பொருள். குறுக்குக்கோடு என்றால் ஒன்று, வட்டம் என்றால் பூஜ்யம். ஆர்டர் டேபிள் பக்கம் வட்டமும் காக்கைக் காலும் இருந்தால், ஆர்டரே தராத கஸ்டமரும் இருக்கலாம், பத்து ஆர்டர் தந்தவரும் இருக்கலாம்.