கல்லாவை நிரப்பியது பழைய கேம்: கேம்ஸ்டாப் பற்றி வாசகர் கேள்விகள்

பாபேஜஸ், ஃபங்கோலேண்ட், ஈபி கேம்ஸ், கேம்ஸ்டாப்... எல்லாம் ஒரே கம்பெனியா?
கோவை வாசகர்

அமெரிக்காவின் வீடியோ கேம் கடைச் சங்கிலிகள் இவை. தனித்தனியாகப் பிறந்து கடைசியில் ஒன்றாகக் கலந்தவை. மூத்தது ஈபி. 1977இல் பென்சில்வேனியாவின் கிங் ஆஃப் பிரஷ்யா மாலில் கால்குலேட்டரும் டிஜிட்டல் வாட்சும் விற்ற சின்ன ஸ்டால் அது. அன்றைய பெயர் எலக்ட்ரானிக்ஸ் பூட்டீக். 1984இல் டல்லாஸில் ஜேம்ஸ் மெக்கரியும் கேரி கூசினும் பாபேஜஸைத் தொடங்கினார்கள். கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜின் பெயரைத்தான் கடைக்கு வைத்தார்கள். 1988இல் மினியாபொலிஸில் வந்தது ஃபங்கோ. அதன் ஃபங்கோலேண்ட் கடைகளின் சரக்கே பழைய கேம்கள்தான்.

பாபேஜஸ் 1994இல் சாஃப்ட்வேர் எட்செட்ரா என்ற இன்னொரு கடைச் சங்கிலியோடு இணைந்து நியோஸ்டார் ஆனது. இரண்டே வருடத்தில் திவால். அதை 5.85 கோடி டாலருக்கு எடுத்தது, பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளின் தலைவர் லியோனார்ட் ரிஜியோ தலைமையிலான குழு. 1999இல் அதே பார்ன்ஸ் அண்ட் நோபிள் அதை 21.5 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய பக்கமும் ரிஜியோ, விற்ற பக்கமும் ரிஜியோ! கேம்ஸ்டாப் என்ற பெயர்ப் பலகை ஏறியது அந்த வருடம்தான். 2000இல் ஃபங்கோ வந்து சேர்ந்தது. 2002இல் பங்குச் சந்தை, 2004இல் புத்தகக் கடையிலிருந்து தனிக்குடித்தனம், 2005இல் 144 கோடி டாலருக்கு ஈபி கேம்ஸ். உச்சத்தில் உலகமெங்கும் 7,500 கடைகளைத் தாண்டியது.

60 டாலர் புது கேம் விற்கிற கடை, பழைய கேமுக்கு ஏன் அவ்வளவு அலைந்தது?
மதுரை வாசகி

கணக்கைப் பாருங்கள். 2013 நிதியாண்டில் புது கேமில் மார்ஜின் நூற்றுக்கு சுமார் 23. கேம் ஆடும் கருவியான கன்சோலில் 10தான். பழைய சரக்கிலோ 47. விற்பனையில் கால் பங்கே இருந்த பழைய சரக்கு, மொத்த லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டுவந்தது. புது கேமை எந்த விலைக்கு வாங்குவது, எந்த விலைக்கு விற்பது என்பதில் கடைக்குப் பெரிய பிடி கிடையாது. பழையதில் எடுக்கிற விலையும் விற்கிற விலையும் கடையின் கையில். இந்த வித்தை ஃபங்கோலேண்டிலிருந்து வந்தது. எங்களைக் கேட்டால், கேம்ஸ்டாப் வாங்கியதிலேயே உருப்படியானது ஃபங்கோதான்.

எக்ஸ்சேஞ்ச் மேசையில் நடப்பது இது. ரொக்கமாகக் கேட்டால், கடைக் கணக்கில் வரவு வைக்கும் தொகையைவிடச் சுமார் 20 சதவீதம் குறைப்பார்கள். காசு வெளியே போகாமல் அடுத்த கேமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கீறல் பெரும்பாலும் பிழைத்துவிடும்; பிழைதிருத்தும் குறியீடு சமாளித்துக்கொள்ளும். வட்டமாக ஓடும் கீறல் ஆபத்து, ஒரே தடத்தில் தொடர்ச்சியாகத் தரவு போய்விடும். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நகர்த்தினால் டிஸ்க்கில் விழுவது இந்த வட்டக் கீறல்தான்.

டிவிடி வகை டிஸ்க்கில் தரவுக்கு மேல் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உண்டு. மேலாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல்களில், பிஎஸ்3 முதல் பிஎஸ்5 வரையான புளூ-ரே டிஸ்க்கில் தரவு 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. மேலே கடினப் பூச்சு உண்டு, அவ்வளவு சுலபமாகக் கீறாது. ஆனால் கீறினால் தேய்க்க இடமில்லை. நடுத் துளையைச் சுற்றி விரிசல் விட்ட டிஸ்க்கை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள், உங்கள் கன்சோலிலும் போடாதீர்கள். வேகமாகச் சுழலும்போது உடைந்து உள்ளேயே சிதறும்.

பழைய கேம் எத்தனை முறை கைமாறினாலும் அதைத் தயாரித்த கம்பெனிக்கு ஒரு காசு வராது. வாங்கிய பிரதியை மறுபடி விற்கும் உரிமையை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமே தருகிறது. அந்த எரிச்சலில் 2010இல் கேம் தயாரிக்கும் ஈஏ கம்பெனி ‘ஆன்லைன் பாஸ்’ கொண்டுவந்தது. பெட்டிக்குள் இருக்கும் குறியீட்டை முதல் ஆள் பயன்படுத்திவிட்டால், அடுத்தவர் இணையத்தில் ஆட 10 டாலர் கட்ட வேண்டும். 2013இல் கைவிட்டார்கள். அதே வருடம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய டிஸ்க்குக்குக் கட்டுப்பாடு போடப் பார்த்த மைக்ரோசாஃப்ட்டும், எதிர்ப்பைப் பார்த்து ஜூனில் பின்வாங்கியது. கடைசியில் இந்த வியாபாரத்தை அடித்தது டவுன்லோட். டிஸ்க்கே இல்லாத கேமை யாரிடம் எக்ஸ்சேஞ்ச் செய்வது?

பொம்மை, டி-ஷர்ட், கோப்பை என்று கடை மாறியது எப்போது?
சேலம் வாசகர்

திருப்பம் 2015. இப்படிப்பட்ட பொருள்களை இணையத்தில் விற்ற திங்க்கீக் தளத்தை நடத்தியது கீக்நெட் கம்பெனி. அதை ஹாட் டாபிக் என்ற கடைச் சங்கிலி வாங்க இருந்தது. கேம்ஸ்டாப் இடையில் புகுந்து 14 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. 2018 நிதியாண்டில் இந்தச் சேகரிப்புப் பொருள்கள் 70 கோடி டாலருக்கு மேல் விற்றன. மார்ஜினும் புது கேமைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் பழைய கேம் விட்ட பள்ளத்தை அது நிரப்பவில்லை. அந்த வருட நட்டம் 67.3 கோடி டாலர். திங்க்கீக் தளத்தை 2019இல் மூடிவிட்டார்கள்.

பலர் குழம்பும் விஷயம்: பெரிய தலைப் பொம்மை செய்யும் ஃபங்கோ வேறு, ஃபங்கோலேண்ட் ஃபங்கோ வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரிகிறதே தவிர இரண்டுக்கும் உறவில்லை.

2021இல் பங்கு எகிறியதே, அந்தப் பணம் கடைக்கு வந்ததா?
திருச்சி வாசகர்

எகிறியபோது வரவில்லை. புழக்கத்தில் இருந்த பங்குகளைவிட அதிகமாக, சுமார் 140 சதவீதம், ஷார்ட் போயிருந்தார்கள்; அதாவது விலை இறங்கும் என்று பங்கைக் கடன் வாங்கி விற்றிருந்தார்கள், பிறகு வாங்கித் திருப்பித் தர வேண்டும். ஒரே பங்கு திரும்பத் திரும்பக் கடன் கொடுக்கப்பட்டால் இப்படி ஆகும். ரெட்டிட்டில் திரண்ட சில்லறை முதலீட்டாளர்கள் வாங்க வாங்க, ஷார்ட் போனவர்கள் நட்டத்தை நிறுத்தத் தாங்களும் வாங்க வேண்டிவந்தது. வருடத் தொடக்கத்தில் 20 டாலருக்குக் கீழே இருந்த பங்கு, ஜனவரி 27 அன்று 347.51இல் முடிந்தது, மறுநாள் 483 வரை போனது. அன்றுதான் ராபின்ஹூட் போன்ற தரகர்கள் வாங்குவதற்குத் தடை போட்டார்கள். ஆனால் இது கைக்குக் கை மாறிய பணம். புதுப் பங்கு வெளியிட்டு விற்றபோதுதான் கம்பெனிக்குக் கிடைத்தது: ஏப்ரலில் 35 லட்சம் பங்கு விற்று 55.1 கோடி டாலர், ஜூனில் 50 லட்சம் விற்று 112.6 கோடி டாலர்.

கேம் இன்ஃபார்மர் பத்திரிகை என்ன ஆனது?
தஞ்சாவூர் வாசகர்

ஃபங்கோலேண்ட் ஃபங்கோ 1991இல் தொடங்கிய கேம் பத்திரிகை அது. 2024 ஆகஸ்டில் கேம்ஸ்டாப் மூடியது. 2025 மார்ச்சில் கேம் தயாரிக்கும் கன்ஸில்லா கேம்ஸ் கையில் மறுபடி வந்தது.

அண்ணன் டல்லாஸில் இருக்கிறார். அங்கிருந்து பழைய கேம், கன்சோல் வாங்கிவரச் சொல்லலாமா?
நாகர்கோவில் வாசகி

பிஎஸ்4, பிஎஸ்5, ஸ்விட்ச் கேம்கள் இங்கே ஓடும். ஆனால் பிளேஸ்டேஷனில் கூடுதல் பகுதிகள் வாங்கும்போது, டிஸ்க் எந்த நாட்டுக்கானதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் வாங்க வேண்டும். பிஎஸ்2, நின்டெண்டோவின் கேம்கியூப், வீ (Wii) மூன்றிலும் நாட்டுப் பூட்டு உண்டு. டிஸ்க்கும் கன்சோலும் ஒரே நாட்டுடையதாக இருக்கட்டும். அமெரிக்க வீ அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230இல் நேராகச் சொருகினால் அடாப்டர் போய்விடும். பிஎஸ்4, பிஎஸ்5க்கு அந்தப் பயமில்லை.

நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம்பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜ் என்றால் போலி ஏராளம். அண்ணனிடம் மூன்று இடம் பார்க்கச் சொல்லுங்கள். பின்புற ஸ்க்ரூவின் தலையில் மூன்று கிளை இருக்க வேண்டும், சாதாரணக் கூட்டல் குறி இருந்தால் சந்தேகம். லேபிளில் அழுத்திப் பதித்த இரண்டு எழுத்து அல்லது எண் சாய்த்துப் பார்த்தால் தெரியும். கீழ்த் திறப்பில், தங்க நிறக் கால்களுக்கு மேலே சர்க்யூட் போர்டில் நின்டெண்டோ பெயர் இருக்கும். கால்கள் கறுத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட காது குச்சி போதும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் பட்டு இன்னும் துருதான் ஏறும்.